திங்கட்கிழமை பேர்கரும் ஒரு அண்ணையின் கவலையும்

போன மாதம் ஸ்காபறோவில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். சாப்பாடு முடிந்து, கேக் பெட்டியையும் கடைசி மகளின் ஜக்கெற்றையும் கையில் வைத்துக்கொண்டு ஹோல் வாசலில் மனுசிக்காக நின்றபோது, தெரிந்த அண்ணை ஒருவர் வந்து தோளில் தட்டினார்.

"என்ன தம்பி, உங்கட வீட்டில திங்கட்கிழமையில பேர்கராமே? மாமி கோயில்ல சொன்னவவாம். சோறு கறி வைக்க வீட்டில ஆக்கள் இல்லையோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "பிள்ளையளை இப்பிடிப் பழக்கினா நாளைக்குப் புட்டெண்டா என்னெண்டு கேக்குங்கள்" என்று பிறகு சேர்த்துக்கொண்டார்.

அண்ணை கெட்ட மனிதர் இல்லை. நான் வந்த புதிதில் எனக்கு முதல் வேலை எடுத்துத் தந்தவரே அவர்தான். ஒரு இத்தாலியன் ரெஸ்ரோறன்டில் கோப்பை கழுவுகிற வேலை. அவர் அங்கே குக். இருபத்தைந்து வருடம் வெள்ளைக்காரனுக்கு ஸ்பகற்றி அவித்தவர். அவர் சோஸ் வைத்தால் இத்தாலியனே வந்து கை குடுப்பான். ஆகவே நான் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"அண்ணை, நீங்கள் வீட்டில என்ன சமைக்கிறனீங்கள்?"

"நான் ஏன் வீட்டில சமைக்கோணும்?" என்றார்.

அவர் பகிடி விடவில்லை. உண்மையாகவே கேள்வி விளங்கவில்லை. எனக்குப் பதில் எப்பவும் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழட்டும்போதுதான் வரும். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். நான், மனுசி, நாலு பிள்ளைகள், மாமா, மாமி, பேஸ்மென்ரில் மனுசியின் தம்பி. மனுசிக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, பின்னேரம் மூன்று மணியிலிருந்து இரவு பதினொரு மணிவரை. மச்சான் வெயர்ஹவுசில் இரவு வேலை, ஆறரைக்கு வெளிக்கிட்டுவிடுவான். பெடியன் சொக்கர், சின்னன்கள் இரண்டும் நீச்சல், தமிழ் வகுப்பு. நான் டவுன்ரவுணில் ஒரு ரெஸ்ரோறன்டில் கிறில் பார்க்கிறேன். மூன்று மணிக்குத் தொடங்கினால் குசினி கழுவி முடியப் பன்னிரண்டாகும். 2023 ஜூலையில் ஸ்காபறோ ஆர்.ரி. ரயிலின் கடைசிப் பெட்டி தடம் புரண்டது. அந்தப் பாதையை அதோடு மூடியேவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் வீடு வந்து சேரும் நேரத்தைப் பற்றிக் கதைக்காமல் விடுவதே நல்லது.

இந்த ஒன்பது பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது என்பது கலியாண வீட்டில்தான் நடக்கும். ஆனால் ஒன்பது பேருக்கும் நாளாந்தம் சாப்பாடு வேணும். மனுசி காலமை பிள்ளைகளை அனுப்பிவிட்டுச் சோறும் மூன்று கறியும் வைத்துவிட்டு வேலைக்குப் போவா. இரவுக்கு மாமாவுக்குச் சோறு சரிவராது, சீனி வருத்தம். புட்டோ இடியப்பமோ வேணும். (புட்டுக்கும் சோற்றுக்கும் சீனியில் பெரிய வித்தியாசம் இல்லை என்று டொக்டர் சொன்னதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.) மாமிக்கு முழங்கால் ஏலாது. ஆகவே அந்த இரவுச் சாப்பாடு யாரும் தீர்மானிக்காமலே மூத்த மகளின் தலையில் விழுந்தது. யாரும் அவளை "நீ சமை" என்று சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே ஒரு வேலை ஒரு பொம்பிளைப்பிள்ளையின் வேலையாகிவிடும் விதத்தை எங்கள் வீடுகளில் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

எனக்கு லீவு திங்களும் செவ்வாயும். இரண்டு வருடத்துக்கு முதல், மாரிகாலத்தில் ஒரு திங்கட்கிழமை. மனுசி வேலையில். நான் சோபாவில் படுத்துக்கொண்டு யூரியூப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து நாள் ஒன்பது மணித்தியாலம் கிறிலுக்கு முன்னால் நின்றவனுக்கு ஓய்வு வேணும்தானே என்பது என் நியாயம். மகள் குசினியிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, உங்களுக்கு மோல் கணக்குத் தெரியும்தானே?"

தெரியும். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடத்தில் இருந்தவன். இரசாயனவியல் எனக்கு உயிர். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடுப்பட்டு, பிறகு நடந்ததெல்லாம் நடந்து, இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வெளிக்கிட்டேன். அந்தக் கதை வேறு. எழுந்துபோய்ப் பார்த்தேன். அடுப்பில் புட்டு அவிகிறது. பக்கத்தில் லப்ரொப் திறந்து கிடக்கிறது. திரை முழுக்க ஆவி படிந்து, அவள் சட்டைக் கையால் அதைத் துடைத்துத் துடைத்துக் கணக்கை வாசிக்கிறாள். நான் கணக்கைச் சொல்லிக்குடுத்தேன். எழுதிக்கொண்டே கேட்டாள்.

"வேலையில ஒரு நாளைக்கு எத்தினை பேருக்குச் சமைப்பீங்கள்?"

"சனிக்கிழமை எண்டா இருநூறு தட்டு வரும்."

"இஞ்ச ஒன்பது பேர்தானே."

இவ்வளவுதான் சொன்னாள். கோபம் இல்லை, முகத்தைத் தூக்கவும் இல்லை. மோல் கணக்கு மாதிரித்தான் சொன்னாள். நான் புட்டை இறக்கிவிட்டு வந்து மறுபடி சோபாவில் இருந்தேன், ஆனால் படுக்க ஏலவில்லை.

அடுத்த திங்கள் நான் சமைக்கிறேன் என்று அறிவித்தேன். எனக்குப் புட்டு அவிக்கத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் தெரியாது. அம்மா இருந்தா, பிறகு மனுசி இருந்தா. கை பழகினது பேர்கர், ஸ்ரேக், சாலட். ஆகவே பேர்கர். இதில் கலாசாரப் புரட்சி ஒன்றும் கிடையாது அண்ணை, தெரிந்த வேலையைச் செய்தேன்.

முதல் திங்கள் பெரிய தோல்வி. வேலையில் செய்வதுபோலவே செய்யப்போனேன். அங்கே எனக்கு முன்னால் மூன்றடி இரும்புத் தட்டு, தலைக்கு மேல் புகையை உறிஞ்சும் யந்திரம். வீட்டில் ஒரு தாச்சி. ஒரு தடவைக்கு மூன்று வட்டுத்தான் வேகும். (ஆங்கிலச் சொல்லைப் "பற்றி" என்று எழுதினால் "அதைப் பற்றி" என்று வாசிப்பீர்கள். ரோல்சோடு விற்கிற பற்றீஸ் வேறு சாமான். ஆகவே வட்டு என்று எழுதுகிறேன்.) முதல் மூன்று பேர் சாப்பிட்டுக் கை கழுவும்போது கடைசி மூன்று பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு முழுக்கப் புகை, அலாரம் அடித்தது. மாமா ஜக்கெற்றையும் போட்டுக்கொண்டு வெளியில் போய் நின்றார். மச்சான் சாப்பிடாமலே வேலைக்குப் போனான். "நல்ல மணம் அத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான், அது இன்னும் கூடச் சுட்டது.

பதினேழு வருடம் குசினியில் நின்றவன் வீட்டுக் குசினியில் தோற்றதற்குக் காரணம், கடையின் பேர்கர் ஒரு ஆளுக்கு ஒரு நேரத்தில் செய்கிற சாப்பாடு. ஓடர் வர வரச் செய்வது. பெரிய குடும்பத்துக்கு அது சரிவராது. அதற்கு வேறு வழி வேணும், அந்த வழியும் புதிதில்லை. 1921 இல் கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றாவில் வைற் காசில் என்ற கடையைத் தொடங்கினார்கள், அமெரிக்காவின் முதல் பேர்கர் சங்கிலிக் கடை அதுதான். சின்னச் சின்ன வட்டுகளை வெங்காயத்துக்கு மேல் அடுக்கி, மேலே பணிஸை வைத்து, வெங்காயத்தின் ஆவியிலேயே அவித்தெடுப்பது அவர்கள் பிடித்த முறை. வட்டில் ஐந்து துளை இருக்கும், ஆவி மேலே வர. திருப்பிப்போடத் தேவையே இல்லை. ஒக்லஹோமாவில் எல் ரீனோ என்றொரு சின்ன ஊர். அங்கே 1920களில், இறைச்சிக்குக் காசு காணாத காலத்தில், மெல்லிசாகச் சீவிய வெங்காயத்தைக் கை நிறைய அள்ளி இறைச்சிக்குள் அழுத்திப் பெருப்பித்தார்கள். இன்றைக்கும் அந்த ஊர் அந்த வெங்காய பேர்கருக்குத்தான் பெயர் போனது. இதை வாசித்தபோது அம்மாவின் நினைவு வந்தது. ஒரு மீன்ரின்னை வைத்து ஏழு பேருக்குக் கட்லட் போட்ட மனுசி. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் கூட்டக் கூட்ட மீன்ரின் வளரும். எல் ரீனோக்காரனும் அம்மாவும் ஒரே பள்ளிக்கூடம்.

ஆகவே இப்போது செய்வது இதுதான். ஒரு பெரிய ஓவன் தட்டு, பதினெட்டு அங்குலத்துக்குப் பதின்மூன்று அங்குலம். கீழே சீவின வெங்காயத்தைப் பரவுகிறேன். அதற்கு மேல் ஒன்றரைக் கிலோ அரைத்த இறைச்சியைத் தட்டு முழுக்க ஒரே பாயாக அழுத்திப் பரவுகிறேன். ஒரு சென்ரிமீற்றர் தடிப்பு வரும். கரண்டிக் காம்பால் அங்கங்கே துளை. ஓவன் 220 பாகை சூட்டில், பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம். இறைச்சி சுருங்கித் தட்டின் ஓரத்தை விட்டு விலகி நிற்கும், பயப்படவேண்டாம். ஊறின தண்ணியையும் கொழுப்பையும் ஒரு ரின்னுக்குள் வடித்துவிட்டு (சிங்குக்குள் ஊற்றினால் பிறகு குழாய்க்காரனுக்குக் காசு குடுக்கவேணும்), பன்னிரண்டு சதுரமாக வெட்டினால் பன்னிரண்டு வட்டு. பிரிக்காத டினர் பணிஸ் பன்னிரண்டு ஒட்டினபடி வரும். அதை அப்படியே குறுக்கே அறுத்து, சீஸ் போடுகிறவர்களுக்குச் சீஸ் போட்டு மூடி, இரண்டு நிமிடம் திரும்ப உள்ளே. தொடக்கத்திலிருந்து முடிவுவரை நாற்பது நிமிடம். ஐந்தரைக்குத் தொடங்கினால் ஆறேகாலுக்கு மச்சான் சாப்பிட்டு, இரண்டை ஃபோயிலில் சுற்றிக் கொண்டும் போய்விடுவான்.

இறைச்சி எது என்பதுதான் எங்கள் வீடுகளில் பெரிய வழக்கு. பேர்கர் என்றால் மாடு. வேலையில் நான் தொடுவது அதுதான். மாமி மாட்டை வீட்டுக்குள் விடமாட்டா. மற்ற எட்டுப் பேரும் வெளியில் சாப்பிடுகிறோம் என்பது மாமிக்குத் தெரியும், தெரியாததுபோல இருக்கிறா. வீடு அவவின்ரயும்தான், ஆகவே நான் அதில் வழக்காடவில்லை. "இந்தக் காலத்தில இதெல்லாம் பாக்கலாமோ" என்று வயதுபோனவர்களோடு சண்டை பிடிக்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. கோழி வாங்குகிறேன். கடையில் பக்கெற்றில் வருகிற அரைத்த கோழி பெரும்பாலும் நெஞ்சிறைச்சி, வைக்கோல் மாதிரி வரும். கடைக்காரரிடம் தொடை இறைச்சியைக் கொஞ்சம் தோலோடு அரைத்துத் தரச் சொல்லுங்கோ. ஒன்றரைக் கிலோவுக்கு இரண்டு துண்டு பாணைப் பாலில் ஊறவைத்துப் பிசைந்து சேர்த்தால் ஈரம் நிற்கும். மூன்று தேக்கரண்டி உப்பு, மிளகு, பெருஞ்சீரகத்தூள், பொடியாக வெட்டின பச்சைமிளகாய், கறிவேப்பிலை. கறித்தூள் போட்டுப் பார்த்தேன், கறிக்குள் பணிஸ் விழுந்ததுபோல இருந்தது, விட்டுவிட்டேன்.

மாடு சமைக்கிற வீடுகளுக்கும் ஒன்று சொல்லவேணும். கனடாவில் அரைத்த மாட்டிறைச்சியில் எக்ஸ்ட்ரா லீன் என்று இருந்தால் கொழுப்பு 10 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, லீன் 17, மீடியம் 23, றெகுலர் 30. எங்கட சனம் நல்லது என்று நினைத்து எக்ஸ்ட்ரா லீனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சப்பாத்துத் தோல் மாதிரி சுட்டெடுத்துவிட்டு, "கடையில மாதிரி வரேல்லை" என்று என்னிடம் கேட்கும். கடைக்காரன் போடுவது இருபது வீதக் கொழுப்பு. மீடியத்தை வாங்கி, வெந்தபின் வடிகிற கொழுப்பை ஊற்றிவிடுங்கோ. உப்பைக் குழைக்கும்போது போடாமல், தட்டில் பரவினபிறகு மேலால் தூவுங்கோ. உப்பு இறைச்சியின் புரதத்தைக் கரைத்து ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும், பிறகு அது சொசேஜ் மாதிரி இழுபடும். பேராதனையில் படித்த ஒரு குக் எனக்குச் சொல்லித்தந்த காரணம் இது. இருவருமாகச் சேர்ந்தால் ஒரு பட்டம் வரும்.

வெந்ததோ என்று நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதேயுங்கோ. இருபது டொலருக்குள் ஒரு வெப்பமானி வாங்கலாம். அரைத்த மாட்டுக்கு நடுவில் 71 பாகை, கோழிக்கு 74. ஸ்ரேக்கில் கிருமி மேற்பரப்பில்தான், சுட்டால் போய்விடும். அரைத்தால் மேலிருந்தது உள்ளுக்குள் போய்விடும், வித்தியாசம் அதுதான். 1993 இல் அமெரிக்காவில் அரைவேக்காட்டுப் பேர்கரால் எழுநூறுக்கு மேற்பட்டவர்கள் நோயில் விழுந்து நான்கு பிள்ளைகள் செத்துப்போனார்கள். அந்தக் கதை ஒவ்வொரு உணவுப் பாதுகாப்பு வகுப்பிலும் சொல்லப்படும். வேலையில் இதற்கெல்லாம் சேர்ட்டிபிக்கற் வைத்திருக்கிற நாங்கள் வீட்டில் விரலால் அமத்திப் பார்த்துவிட்டு "ஓம், வெந்திட்டுது" என்கிறோம்.

நேரம்தான் பெரிய குடும்பத்தின் உண்மையான பிரச்சினை. சோறு கறியில் ஒரு வசதி, எந்த நேரமும் போட்டுச் சாப்பிடலாம். பேர்கர் ஆறினால் யாருக்கும் வேண்டாம். ஆகவே பணிஸோடு சேர்த்து மூடுவது உடனே சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும். சொக்கரால் ஏழரைக்கு வருகிறவனுக்கு வட்டை மூடின பாத்திரத்தில், கொஞ்சம் கோழித் தண்ணி விட்டு, ஓவனின் ஆகக் குறைந்த சூட்டில் வைக்கிறேன். 60 பாகைக்குக் கீழ் போகாமல் இருந்தால் சரி. பதினொன்றரைக்கு வருகிற மனுசியின் பங்கு பிறிட்ஜுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே. வந்ததும் தாச்சியில் மூடிபோட்டு மூன்று நிமிடம் நல்லாய்ச் சூடாக்கினால் போதும். பணிஸை அப்பொழுதுதான் சுடவேணும். பக்கத்தில் கோவாவும் கரட்டும் சீவித் தேசிக்காய் விட்ட சாலட். உருளைக்கிழங்கைத் தடித்த துண்டாக வெட்டி எண்ணெய் பிரட்டி, இறைச்சிக்கு இருபது நிமிடம் முந்தி ஓவனுக்குள் தள்ளிவிடுவது பெடியனின் வேலை. சின்னன்கள் பணிஸ், கோப்பை, தண்ணி. மகளுக்குத் திங்கட்கிழமை குசினியில் வேலை இல்லை. இதை நான் சட்டமாகவே போட்டேன். முதல் ஓரிரு கிழமை அவள் பழக்கத்தில் வந்து நின்றாள், கலைத்துவிட்டேன்.

மாமாவும் மாமியும் முதல் மாதம் தொடவில்லை. பிறகு ஒரு நாள் மாமிக்கென்று மீன்ரின் கட்லட்டை உருண்டையாக இல்லாமல் தட்டையாகத் தட்டிப் பாண்தூள் பிரட்டி, வேறு தட்டில், வேறு அகப்பையோடு ஓவனில் வைத்தேன். பணிஸுக்குள் சீனிச்சம்பல் பூசி அதற்கு மேல் கட்லட்டை வைத்துக் குடுத்தேன். மாமி திறந்து பார்த்துவிட்டு,

"கட்லட்டைப் பணிசுக்க வைச்சுப்போட்டுப் பேர்கராம். இதைத்தானே தம்பி நாங்கள் ரவுணில பேக்கரியில வாங்கிச் சாப்பிட்டனாங்கள்" என்றா.

உண்மைதான். சீனிச்சம்பல் பணிஸ், மீன் பணிஸ் எல்லாம் பள்ளிக்கூடக் கன்ரீனிலேயே சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பாண், பணிஸ், கட்லட், ரோல்ஸ் எல்லாம் ஒரு காலத்தில் கப்பலில் வந்ததுதான். அதையெல்லாம் எங்கட என்று ஆக்கிக்கொண்டபிறகு இப்போது பேர்கரைக் கண்டு ஏன் இவ்வளவு பயம்? மாமி இப்போது சீனிச்சம்பலைத் தானே போத்தலில் செய்து வைக்கிறா, கதிரையில் இருந்து வெங்காயம் வெட்டுவதற்கு முழங்கால் தேவையில்லை என்கிறா. மாமாவுக்குப் பணிஸின் கீழ்ப் பாதி மட்டும், மேலே இரண்டு பங்கு சாலட். அவருடைய சீனி அளவு புட்டு நாளிலும் பேர்கர் நாளிலும் எப்படி என்று கருவியில் தானே குத்திப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். முடிவை எங்களுக்குச் சொல்கிறார் இல்லை. ஆனால் திங்கட்கிழமை மேசைக்கு வருகிறார்.

பேர்கர் உடம்புக்குக் கூடாது என்று அண்ணை வேறு ஆட்களிடம் சொன்னதாகவும் கேள்வி. கடையில் வாங்குகிற பேர்கரோடு வருகிற பெரிய சோடாவும் பொரித்த உருளைக்கிழங்கும் கூடாதுதான், அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. நானே வேலையில் அந்த உருளைக்கிழங்கை ஒரு இரவில் எத்தனை கூடை பொரிக்கிறேன் என்று கண்ணால் பார்க்கிறவன். அன்றைக்கு அந்தப் பிறந்தநாள் ஹோலில் அண்ணையின் கோப்பையில் நான் பார்த்தது இரண்டு ரோல்ஸ், ஒரு வடை, பிரியாணி, பொரித்த கோழி, பிறகு கேக். பேர்கரைத் திட்டுவதென்றால் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டுவோம். காசுக் கணக்கும் இருக்கிறது. முந்தி மனுசிக்கு ஏலாத நாளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோய்க் கடையில் வாங்கினால் ஒன்பது பேருக்கு நூறு டொலர் சிரிக்காமல் போய்விடும். அதையும் வானுக்குள் இருந்தே சாப்பிட்டு முடித்து, மயோனைஸை இருக்கையில் பூசிக்கொண்டு வருவார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது பேர்கர் நல்லதோ கூடாதோ என்றில்லை. பரிசிலும் லண்டனிலும் இங்கேயும் ரெஸ்ரோறன்ட் குசினிகளுக்குள் எட்டிப் பாருங்கோ. கோப்பை கழுவத் தொடங்கி, வெங்காயம் உரித்து, குக்காகி, செஃப்பாகி நிற்கிற எங்கட ஆம்பிளைகள் எத்தனை பேர்! பிரெஞ்சுக்காரனுக்கு மீன் சோஸ் வைக்கிறார்கள், ஜப்பான் கடையில் சுஷி சுற்றுகிறார்கள். அகதியாய் வந்தவனுக்குக் கதவு திறந்தது குசினிதான். அந்தக் கைகளால்தான் ஊரில் வீடு கட்டினோம், தங்கச்சிமாரைக் கட்டிக்குடுத்தோம். அதே ஆள் வீட்டுக்கு வந்தால் தண்ணிப் பேணியைக்கூட ஒரு ஆள் கொண்டுவந்து குடுக்கவேணும். சம்பளத்துக்குச் சமைத்தால் தொழில், சும்மா சமைத்தால் மரியாதைக் குறைவு. நானும் பதினைந்து வருடம் அப்படித்தான் இருந்தேன், ஒரு பிள்ளை கணக்குச் சொல்லும் வரைக்கும்.

அண்ணையின் மனுசிக்கு இப்போது இடது தோள் தூக்க ஏலாது. தேங்காய் துருவித் துருவி வந்தது என்று ஃபிசியோதெரப்பிக்காரர் சொன்னதாக அந்த அக்காவே என் மனுசியிடம் சொல்லியிருக்கிறா. இதை எழுதலாமோ என்று யோசித்தேன். பெயர் போடவில்லை, அதனால் எழுதுகிறேன். அண்ணை இதை வாசித்தால் என்னோடு கதைக்காமல் விடுவார். விட்டாலும் பரவாயில்லை. முதல் வேலை எடுத்துத் தந்த நன்றி எப்பவும் இருக்கும். அவருடைய தக்காளி சோஸ் கடையில் நாற்பது லீற்றர் பானையில் வைத்தது. அதை வீட்டில் நாலு லீற்றராக வைத்துக் காட்டச் சொல்லி அந்த அக்கா ஒருக்கால் கேட்டுப் பார்க்கலாம்.

மற்ற ஆறு நாளும் எங்கள் வீட்டில் சோறு, புட்டு, இடியப்பம்தான். செவ்வாயும் வெள்ளியும் மச்சம் இல்லை. செவ்வாய்க்கிழமைக்கு நான் இப்போது புட்டுக் குழைக்கப் பழகுகிறேன். இதுவரைக்கும் மூன்று தடவை களியாக வந்தது, ஒரு தடவை கல்லாக வந்தது. மாமி பக்கத்தில் கதிரையில் இருந்து "தண்ணி காணும் தம்பி, காணும்" என்று கத்துவா. மகள் மேலே தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள், இல்லாவிட்டால் ஃபோனில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எதுவென்று நான் போய்ப் பார்ப்பதில்லை.